ஆறாம் பாகம் எப்போது?

ஜூன் 10, 2018. லாஸ் ஏஞ்சலீஸ். இ3 என்று ஒரு கண்காட்சி. உலகத்து வீடியோ கேம் கம்பெனிகள் எல்லாம் கூடி, அடுத்து எங்களிடம் என்ன சரக்கு என்று வருஷா வருஷம் கடை விரித்துக்கொண்டிருந்த இடம். பெதஸ்டா என்கிற அமெரிக்கக் கம்பெனியின் முறை வந்தது. நிகழ்ச்சி முடிகிற நேரம். திரையில் ஒரு மலைத்தொடர் விரிந்தது. ஓரமாக ஒரு கடற்கரை. மேலே கொஞ்சம் மேகம். பழகிய ஒரு இசை. பிறகு எழுத்து: தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6.

அவ்வளவுதான். மொத்தம் 36 விநாடி. ஆள் இல்லை. அரக்கன் இல்லை. கதை இல்லை. தேதி இல்லை. கதை எந்த ஊரில் நடக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

அரங்கம் அலறியது.

அலறி முடித்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த 36 விநாடியை ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்த்தார்கள். மலை வளைவை எடுத்து, பழைய பாகங்களின் வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தார்கள். இது ஹாமர்ஃபெல் பாலைவனப் பிரதேசம் என்றது ஒரு கோஷ்டி. இல்லை, ஹை ராக் என்றது இன்னொன்று. கடல் தெரிகிறதே, கப்பல் ஓட்ட விடுவார்களா என்று மூன்றாவது கோஷ்டி கனவு காண ஆரம்பித்தது.

2025ம் முடிந்துவிட்டது. அதுவரை வெளியீட்டுத் தேதி என்று ஒன்றைக் கம்பெனி சொல்லவில்லை. முந்தைய பாகம் வந்தது 2011ல். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன் இன்றைக்குத் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரிசையில் நிற்கிறான். ஆனாலும் காத்திருக்கிறான். கூடவே பயப்படவும் செய்கிறான்.

ஒரு விளையாட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல முப்பது வருஷம் பின்னால் போகவேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். இது சுட்டுத் தள்ளிப் புள்ளி சேர்க்கிற ஆட்டம் அல்ல. ரோல் ப்ளேயிங் கேம் என்று பெயர். ஒரு வேடம் கட்டிக்கொண்டு வேறொரு உலகத்துக்குள் போய் வாழ்வது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் அந்த உலகத்தில் நீங்கள் நடமாடும் கண்டத்துக்கு டாம்ரியல் என்று பெயர். அங்கே ராஜா உண்டு, மந்திரவாதி உண்டு, டிராகன் உண்டு. உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பும் உங்கள் தலையில் உண்டு. ஆனால் கட்டாயமில்லை. காப்பாற்றுகிற வேலையைக் கிடப்பில் போட்டுவிட்டு, காளான் பறிக்கலாம். பூட்டை உடைத்துத் திருடலாம். வீடு வாங்கி, புத்தகம் அடுக்கி வைக்கலாம். ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அந்த விட்டு விடுதலையாகிற சுகம்தான் இதன் வெற்றி ரகசியம்.

ஆரம்பத்தில் இப்படியெல்லாம் திட்டமே இல்லை.

பெதஸ்டா, 1986ல் கிறிஸ்டோபர் வீவர் தொடங்கிய கம்பெனி. மேரிலாண்ட் மாகாணத்தில் பெதஸ்டா என்ற ஊரில் ஆரம்பித்ததால் அந்தப் பெயர். தொண்ணூறுகளில் அவர்கள் யோசித்த ஆட்டம், ஊர் ஊராகப் போய்க் களத்தில் சண்டை போடுகிற ஒரு கோஷ்டியைப் பற்றியது. பெயர், அரீனா. செய்யச் செய்ய, சண்டைக்கு நடுவே ஊரைச் சுற்றுவதும், குகைக்குள் போவதும்தான் சுவாரஸ்யமாக இருந்தது. களச்சண்டையைத் தூக்கிக் கடாசிவிட்டார்கள். ஆனால் அரீனா என்ற பெயரை ஏற்கெனவே அச்சடித்தாகிவிட்டது. மாற்ற முடியாது. எனவே அரீனாவே இல்லாத அரீனா, 1994 மார்ச்சில் வெளிவந்தது. 1993 கிறிஸ்துமஸ் வியாபாரத்தைத் தவறவிட்டு, தாமதமாக. இந்த வரிசைக்குத் தாமதம் பிறவிக் குணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டாகர்ஃபால். 1996. இதன் அகலத்தைக் கேட்டால் மயக்கம் வரும். பிரிட்டன் அளவுக்கு நிலம் என்றது கம்பெனி. ஊரும் குகையுமாகப் பதினைந்தாயிரம் இடங்கள். அத்தனையையும் மனிதர்கள் உட்கார்ந்து வரைய முடியுமா? முடியாது. விதிகளைக் கொடுத்துக் கம்ப்யூட்டரையே உற்பத்தி செய்யச் சொன்னார்கள். விளைவு, ஒரு ஊர் மாதிரியே அடுத்த ஊர். அதைவிட மோசம், பிழைகள். நடந்துகொண்டே இருப்பீர்கள், தரை வழியாக விழுந்து சூனியத்துக்குள் போய்விடுவீர்கள். ரசிகர்கள் திட்டினார்கள். திட்டிக்கொண்டே ராப்பகலாக விளையாடினார்கள்.

இந்த இரண்டு விஷயத்தையும் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பரப்பளவு, பிழை. கடைசியில் திரும்பி வரும்.

அப்புறம் சறுக்கல். 1997ல் பேட்டில்ஸ்பைர், 1998ல் ரெட்கார்ட் என்று இரண்டு கிளைக்கதைகள். இரண்டும் விற்கவில்லை. கம்பெனி கிட்டத்தட்டத் திவால். 1999ல் ஸெனிமேக்ஸ் என்ற புதுத் தாய்க் கம்பெனி அமைந்து, பணம் வந்து, உயிர் பிழைத்தது.

பிழைத்த கம்பெனி மூன்றாம் பாகத்தை யார் கையில் கொடுத்தது? ரெட்கார்டை எடுத்துத் தோற்றவர் கையில். பெயர், டாட் ஹோவர்ட். கல்லூரியில் பிசினஸ் படித்தவர். அதுதான் சுலபமாகப் பட்டதாம். (காமர்ஸ் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்த எனக்கு இந்த இடத்தில் ஒரு அற்ப சந்தோஷம்.) படிக்கிற காலத்திலேயே பெதஸ்டா வாசலில் போய் நின்று வேலை கேட்டவர். படிப்பை முடித்துவிட்டு வா என்றார்கள். முடித்துவிட்டு வந்தார், விடாமல் கேட்டார், 1994ல் உள்ளே போனார்.

மாரோவிண்ட், 2002. டாகர்ஃபால் ரசிகர்களின் முதல் கவலை, என்னய்யா இது, உலகம் சுருங்கிவிட்டதே என்பது. உண்மைதான். பிரிட்டன் போய், ஒரு தீவு வந்தது. ஆனால் அந்தத் தீவின் ஒவ்வொரு கல்லும் ஒரு மனிதக் கை எடுத்து வைத்தது. மரம் அளவுக்குக் காளான். வண்டிக்குப் பதிலாக, முதுகு குடையப்பட்ட ஒரு ராட்சதப் பூச்சி. எங்கே போகவேண்டும் என்று காட்ட அம்புக்குறி கிடையாது. பாலம் தாண்டு, பாறை வரும், இடப்பக்கம் திரும்பு என்று ஒருவர் சொல்வார். அதைக் கேட்டு நடக்கவேண்டும். வழி தப்பினால் தப்பியதுதான். நம் கிராமத்தில் வழி கேட்டுப் போவது மாதிரி.

கம்பெனி தலை நிமிர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் பெட்டியிலும் வந்ததால், கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் வாங்கினார்கள்.

நான்காம் பாகம் ஆப்ளிவியன், 2006 மார்ச். இப்போது மாரோவிண்ட் ரசிகர்கள் கவலைப்படும் முறை. அம்புக்குறி வந்துவிட்டது. போன இடத்துக்கு நொடியில் தாவும் வசதி வந்துவிட்டது. ஈட்டி காணாமல் போனது. காற்றில் மிதக்கும் மந்திரம் காணாமல் போனது. எல்லாவற்றையும்விடப் பெரிய புகார் ஒன்று உண்டு. நீங்கள் பலசாலி ஆக ஆக, ஊரில் இருக்கிற திருடனும் கூடவே பலசாலி ஆவான். ஒரு கட்டத்துக்குமேல் வழிப்பறிக்காரன் ஆயிரக்கணக்கில் விலைபோகும் கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். நின்று, நூறு பொற்காசு கொடுக்கிறாயா இல்லையா என்று மிரட்டுவான்! அந்தச் சட்டையை விற்றாலே அவன் ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். பி.காம். படித்த யாரும் அந்தத் திருடனின் பேலன்ஸ் ஷீட்டை ஒப்புக்கொள்ள மாட்டான்.

இது போதாதென்று அடுத்த மாதமே ஒரு கூத்து. உங்கள் குதிரைக்குப் போட ஒரு கவசம் இருக்கிறது, விலை இரண்டரை டாலர் என்று அறிவித்தார்கள். பொற்காசு இல்லை சார், நிஜ டாலர். அன்றைய கணக்கில் நூற்றுப் பத்து ரூபாய் சொச்சம். முழு ஆட்டத்தையும் காசு கொடுத்து வாங்கியவனிடம், குதிரைச் சட்டைக்குத் தனியாக உண்டியல். உலகம் சிரித்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் வாங்கவும் செய்தார்கள். அங்கேதான் வினை. சில்லறைச் சில்லறையாகக் காசு பறிக்கும் வித்தை அப்புறம் மொத்தத் தொழிலுக்கும் பரவியது. இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் இழுக்கப்படுவது அந்தக் குதிரைதான்.

ஐந்தாம் பாகம் ஸ்கைரிம். 11-11-11 அன்று, தேதி பார்த்து வெளியிட்டார்கள். ஜெரமி சோல் இசை. முப்பது ஆண்களைப் பாடவைத்து, மூன்று முறை பதிவு செய்து, தொண்ணூறு பேர் பாடுகிற மாதிரி அடுக்கினார்கள். இந்த முறையும் கழித்தல் உண்டு. மாரோவிண்டில் 27 திறமைகள். ஆப்ளிவியனில் 21. ஸ்கைரிமில் 18. வலிமை, அறிவு, வேகம் என்று எட்டு அடிப்படைக் குணங்கள் இருந்தன. அத்தனையும் ரத்து. சொந்தமாக மந்திரம் தயாரிக்கும் வசதியும் ரத்து.

விற்பனை? 2023ல் ஹோவர்ட் சொன்ன கணக்கு, ஆறு கோடிக்கு மேல்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒவ்வொரு பாகத்திலும் பழைய ரசிகன் ஒன்றை இழந்திருக்கிறான். அவன் பயந்தது பயந்தபடியே நடந்திருக்கிறது. அதே சமயம், அந்த இழப்பினால் உள்ளே வந்த புதியவன் அதையே தன் உலகமாக வரித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த பாகம் வரும்போது கவலைப்படப் போகிறவன் அவன்தான். ஆக, கவலைப்பட்டவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. கம்பெனியும் வில்லன் இல்லை. இரண்டு கணக்கும் சரி. அதுதான் சிக்கலே.

சரி, ஒரு வாடிக்கையாளன் ஏன் இத்தனை கவலைப்படவேண்டும்? பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாமே?

போகமாட்டான். ஏனென்றால் அவன் வெறும் வாடிக்கையாளன் இல்லை.

மாரோவிண்டை விற்றபோது, அதைக் கட்டிய கருவியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உனக்கு வேண்டியதை நீயே கட்டிக்கொள் என்று. இதைத்தான் மாட் என்பார்கள். ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாள் செய்தார்கள், வீடு கட்டினார்கள், கம்பெனி விட்ட பிழைகளைத் திருத்தினார்கள். ஆப்ளிவியனின் கண்ணாடிக் கவசத் திருடனைக்கூட ரசிகர்கள்தாம் ஒழுங்குபடுத்தினார்கள். மாரோவிண்ட் பிரதேசத்தில் கம்பெனி கட்டியது ஒரு தீவைத்தானே, மிச்ச நிலத்தை நாம் கட்டுவோம் என்று 2001 வாக்கில் கிளம்பியது ஒரு கூட்டம். அந்த ஆட்டம் கடைக்கு வருவதற்கு முன்பே! டாம்ரியல் ரீபில்ட் என்று பெயர். சம்பளம் கிடையாது. லாபம் கிடையாது. ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வேலை நிற்கவில்லை. 2025லும் ஒரு புதுப் பகுதியைக் கட்டி வெளியிட்டார்கள். இன்னொரு கூட்டம் ஆப்ளிவியன் முழுவதையும் ஸ்கைரிமுக்குள் மறுபடி கட்ட உட்கார்ந்தது. 2025 ஏப்ரலில் கம்பெனியே ஆப்ளிவியனைப் புதுப்பித்துத் திடுதிப்பென்று வெளியிட்டபோது, அந்தக் கூட்டத்துக்கு இலவசப் பிரதிகள் அனுப்பிவைத்தது.

இப்படி உழைத்தவனுக்கு என்ன பெயர்? என் பாடப்புத்தகத்தில் அவனுக்குப் பங்குதாரர் என்று பெயர். பத்திரம் மட்டும் கையில் இல்லை. லாபம் வந்தால் கிடைக்காது. நஷ்டம் வந்தால் முதலில் அழுகிறவன் அவன்.

2015 ஏப்ரலில் ஒரு சோதனை நடந்தது. ஸ்கைரிமுக்கு ரசிகர்கள் செய்யும் மாட்களை இனி காசுக்கு விற்கலாம் என்று, கடை நடத்தும் வால்வ் கம்பெனியும் பெதஸ்டாவும் சேர்ந்து அறிவித்தன. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? பங்கு பிரித்த கணக்கைப் பாருங்கள். கடைக்காரருக்கு 30 சதவீதம். பெதஸ்டாவுக்கு 45. உழைத்தவனுக்கு 25. எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல். நான்கே நாளில் திட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். பத்திரம் இல்லாத பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்த ஒரே பொதுக்குழு அதுதான்.

இப்போது ஆறாம் பாகத்துக்கு வருவோம். கவலைகள் என்ன?

முதல் கவலை, ஸ்டார்ஃபீல்ட். எல்டர் ஸ்க்ரோல்ஸைத் தள்ளிவைத்துவிட்டுக் கம்பெனி எடுத்த விண்வெளி ஆட்டம். 2023 செப்டம்பரில் வந்தது. ஆயிரத்துக்கு மேல் கிரகங்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் உற்பத்தி செய்த நிலம். இறங்கினால் அதே பாறை, அதே கட்டடம் என்று சலித்துக்கொண்டவர்கள் அநேகம். டாகர்ஃபால் ஞாபகம் வருகிறதா? கையால் கட்டிய தீவை விட்டுவிட்டு, மறுபடியும் அகலத்துக்கு ஆசைப்படுவார்களோ என்பதுதான் பயம்.

இரண்டாவது, அந்தப் பழைய பிழைகள். சுவருக்குள் சிக்கும் ஆட்கள், கதவு திறந்தால் காத்திருப்பு. இயந்திரத்தைப் புதுப்பித்துவிட்டோம் என்கிறார்கள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம் என்கிறார்கள் ரசிகர்கள்.

மூன்றாவது, முதலாளி. 2020 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், பெதஸ்டாவைத் தாய்க் கம்பெனியோடு சேர்த்து 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2021 மார்ச்சில் கைமாறியது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவருக்குப் பிரச்னை இல்லை. ஸ்கைரிமை ப்ளேஸ்டேஷனில் விளையாடி வளர்ந்தவன் கதி? 2023ல் அமெரிக்க நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு விசாரணையின்போது இந்தக் கேள்வி வந்தது. எந்தெந்தப் பெட்டியில் வரும் என்று இப்போது சொல்லமுடியாத அளவுக்குத் தூரத்தில் இருக்கிறது அந்த ஆட்டம் என்கிற மாதிரி பதில் வந்தது.

நான்காவது, குதிரைக் கவசம். அது எப்போதும் இருக்கும்.

நம்பிக்கை? அதுவும் இருக்கிறது. கையால் கட்டிய ஒரே ஒரு நிலம், ஆனால் ஆழமாக. கழித்ததில் கொஞ்சமாவது திரும்ப. ஈட்டி வேண்டும், மந்திரம் தயாரிக்க வேண்டும், முடிந்தால் அந்தக் கடலில் ஒரு கப்பல். 2024 மார்ச்சில், வரிசையின் முப்பதாவது ஆண்டையொட்டி, ஆரம்ப வடிவத்தை நாங்களே உள்ளே விளையாடிப் பார்க்கிறோம் என்று கம்பெனி ஒரு செய்தி விட்டது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் வாழ்ந்தார்கள். 2025ல், நோயுற்ற குழந்தைகளுக்கான மேக்-எ-விஷ் அறக்கட்டளைக்காக ஒரு ஏலம் நடந்தது. ஜெயித்தவருக்காக ஆறாம் பாகத்தில் ஒரு பாத்திரம் உருவாகும். ஏலம் 85 ஆயிரம் டாலரைத் தாண்டியது. தேதியே இல்லாத ஆட்டத்தில் ஒரு இடத்துக்கு!

அந்த ஆட்டத்தில் காசு கொடுக்காமல் இடம் கிடைத்த ஒருவரும் உண்டு. அவரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

ஷெர்லி கர்ரி. 1936ல் பிறந்தவர். நான்கு பிள்ளைகளின் அம்மா. ஸ்கைரிமைத் தான் விளையாடுவதைப் படம் பிடித்து யூட்யூபில் போட ஆரம்பித்தார். ஆட்டம் ஆரம்பிக்கும்போது, குட் மார்னிங் பேரப்பிள்ளைகளா என்பார். ஓநாய் துரத்தினால் பதறுவார். மெதுவாக நடப்பார், வழியில் கிடக்கும் புத்தகத்தை எடுத்துப் படிப்பார். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். ஸ்கைரிம் பாட்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆறாம் பாகத்தில் பாட்டியை ஒரு பாத்திரமாக்குங்கள் என்று ரசிகர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். 2019ல் கம்பெனி சம்மதித்து அறிவித்தது. பாட்டி கண்கலங்கிவிட்டார்.

பிறகு அவர் ஒரு கணக்குப் போட்டார். ஆட்டம் வரும்போது எனக்கு எண்பத்தெட்டு ஆகியிருக்குமே, பார்க்க இருப்பேனா என்றார். அந்த எண்பத்தெட்டு 2024ல் வந்தது. ஆட்டம் வரவில்லை.

அறிவிப்பை அத்தனை சீக்கிரம் செய்திருக்க வேண்டாமோ என்று ஹோவர்டும் பின்னாளில் யோசித்திருக்கிறார். இன்னும் சாதாரணமாக அறிவித்திருப்பேன் என்று 2023ல் ஒரு பேட்டியில் சொன்னார். நேர்மையான பேச்சு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவசரப்பட்டால் டாகர்ஃபால் மாதிரி ஓட்டையோடு வரும் என்பது அவருக்குத் தெரியும். தாமதம்கூட ஒரு வகையில் ரசிகர்கள் கேட்டதுதான்.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் எழுத வழியில்லாத ஒரு செலவு இருக்கிறது. ஈட்டியைத் திரும்பக் கொடுத்துவிடலாம். பிழையைத் திருத்திவிடலாம். கம்பெனி செய்யாவிட்டால், ரசிகனே உட்கார்ந்து செய்துவிடுவான். காலத்தை யார் திருப்பித் தருவது? பதினைந்து வயதில் ஸ்கைரிமுக்குள் போனவனிடம் கோடை விடுமுறை முழுசாக இருந்தது. இன்றைக்கு அவனிடம் ராத்திரி பிள்ளை தூங்கியபிறகு ஒரு மணிநேரம் இருக்கிறது. ஆறாம் பாகம் எத்தனை பிரமாதமாக வந்தாலும், அதை விளையாடப் போகிறவன் அந்தப் பழைய பையன் இல்லை. அவனுடைய நிஜமான பயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு எந்த மாட்டும் கிடையாது.

அதனாலென்ன, போகட்டும். ஆறாம் பாகம் என்றைக்கு வந்தாலும், முதல் நாளே கதையையும் டிராகனையும் விட்டுவிட்டு ஒரு பெரிய கூட்டம் பாட்டி எந்த ஊரில் இருக்கிறார் என்று தேடிக் கிளம்பும். அம்புக்குறி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வழி கேட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.